இரண்டு பக்கக் கட்டுரையின் எடை

ஆண்டுதோறும் செப்டம்பர் வாக்கில் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ஒரே அச்சில் வார்த்த செய்தி ஒன்று வரும். இன்ன கல்லூரியின் பேராசிரியர்கள் இத்தனை பேர் ‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்’ பட்டியலில் இடம்பிடித்தார்கள். தாளாளரும் முதல்வரும் பொன்னாடை போர்த்திப் பாராட்டினார்கள். அந்தப் பேராசிரியர்கள் எதைக் கண்டுபிடித்தார்கள் என்று செய்தியில் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது.

பட்டியல் போலியானதல்ல. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் அயோனிடிஸும் அவருடைய குழுவினரும் ஸ்கோப்பஸ் என்ற தரவுத்தளத்திலிருந்து விவரங்களைத் திரட்டி அதைத் தயாரிக்கிறார்கள். அயோனிடிஸ் ஒரு மருத்துவர். வெளியாகும் ஆய்வு முடிவுகளில் பெரும்பாலானவை தவறாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று 2005இல் எழுதி மருத்துவ உலகத்தைக் கலக்கியவர். அவருடைய பட்டியலுக்கு அடிப்படை மேற்கோள்தான். ஒருவரின் கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை சுட்டிக்காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து, கட்டுரையில் அவர் தனி ஆசிரியரா, முதல் ஆசிரியரா, கடைசி ஆசிரியரா என்பதையும் சேர்த்து மதிப்பெண் போடுகிறார்கள். தன் கட்டுரையைத் தானே சுட்டிக்கொண்ட கணக்கைத் தனியாகப் பிரித்தும் காட்டுகிறார்கள். வாழ்நாள் உழைப்புக்கு ஒரு பட்டியல் உண்டு. ஒரே ஓர் ஆண்டின் கணக்குக்கு வேறொரு பட்டியல் உண்டு. இரண்டுக்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது. இடம் கிடைத்தது எதில் என்பதையும் செய்தி சொல்வதில்லை.

மேற்கோளை எண்ணும் பழக்கம் வந்த வழியே சுவையானது. அமெரிக்க வழக்கறிஞர்களிடம் 1873 முதல் ஒரு கையேடு புழங்கிவந்தது. ஒரு தீர்ப்பைப் பிற்காலத்தில் எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன, எவை ஏற்றன, எவை தள்ளின என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். அறிவியலுக்கும் அப்படியொன்று வேண்டும் என்று யூஜின் கார்ஃபீல்டு என்பவர் 1955இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். ஃபிலடெல்ஃபியாவில் அதற்காகவே ஒரு நிறுவனத்தை வளர்த்து, 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். ஒரு பழைய கட்டுரையைப் பிடித்தால், அதற்குப் பிறகு அந்த வழியில் நடந்தவர்கள் யார் யார் என்று தேடிப் பிடிக்க முடிந்தது. அது தேடுவதற்காகப் பிறந்த கருவி. அதே தரவிலிருந்து, எந்த இதழ்களுக்குச் சந்தா கட்டலாம் என்று நூலகர்கள் முடிவுசெய்ய உதவும் இன்னொரு கணக்கும் பிறந்தது. ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டில் எத்தனை மேற்கோள்கள் பெற்றன என்று கூட்டி, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது ‘இம்பாக்ட் ஃபேக்டர்’. இதழுக்காக ஏற்பட்ட இந்தச் சராசரியைப் பிற்பாடு மனிதர்களின் தலையில் எழுதிவிட்டார்கள்.

மனிதர்களுக்கென்றே 2005இல் ஓர் எண் வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பணியாற்றும் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் முன்வைத்த ‘எச் இண்டெக்ஸ்’ அது. ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் வரிசையில் மேலிருந்து கீழாக அடுக்க வேண்டும். பன்னிரண்டு கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பன்னிரண்டு முறை மேற்கோள் பெற்று, பதின்மூன்றாவது கட்டுரை அந்த அளவை எட்டவில்லை என்றால் அவருடைய எண் 12. எளிமையான கணக்கு, அதனாலேயே காட்டுத்தீபோல் பரவியது. எளிமையில் ஒரு பெரிய இழப்பும் இருக்கிறது. பன்னிரண்டு கட்டுரைகள் எழுதி ஒவ்வொன்றுக்கும் சரியாகப் பன்னிரண்டு மேற்கோள் பெற்றவருக்கும் எண் 12தான். அதே பன்னிரண்டில் ஒன்று ஐயாயிரம் மேற்கோள் பெற்று ஒரு நோயின் சிகிச்சையையே மாற்றியிருந்தாலும் எண் 12தான்.

இந்த எண்களால் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைப் புரிந்துகொள்ள ஓர் இந்திய மருத்துவரின் வரலாற்றைவிடச் சிறந்த பாடம் இல்லை. அவர் பெயர் சம்புநாத் டே.

வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் 1915இல் பிறந்தவர். கல்கத்தாவில் மருத்துவம் படித்தார். லண்டனில் ராய் கேமரன் என்ற நோய்க்கூற்று அறிஞரிடம் ஆய்வுசெய்து 1949இல் முனைவர் பட்டத்தோடு திரும்பினார். ஊர் திரும்பியவர் கையிலெடுத்தது காலரா. வங்காளத்தில் பிறந்த ஒரு மருத்துவருக்கு அது புத்தகத்தில் படித்த நோயல்ல. தெருவில் பார்த்த சாவு.

காலராவுக்குக் காரணமான கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1884இலேயே அதே கல்கத்தாவில் உறுதிப்படுத்தியிருந்தார். கிருமி ஏதோவொரு நஞ்சைச் சுரக்கிறது என்றும் அவர் கருதினார். ஆனால் அந்த நஞ்சு எழுபத்தைந்து ஆண்டுகள் யார் கையிலும் சிக்கவில்லை. கிருமி செத்து உடையும்போதுதான் அதன் உடலுக்குள் இருக்கும் நஞ்சு வெளிப்படுகிறது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. ஆய்வாளர்கள் கிருமியை விலங்குகளின் இரத்தத்தில் செலுத்தினார்கள், வயிற்றறைக்குள் செலுத்தினார்கள். விலங்கு செத்தது, ஆனால் காலரா வரவில்லை.

டே யோசித்தது நேர்வழி. காலரா நோயாளிக்கு எங்கே கோளாறு? குடலில். எனில் கிருமியைக் குடலுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இரு முனைகளிலும் நூலால் இறுகக் கட்டினார். அந்தக் கண்ணிக்குள் காலராக் கிருமி வளர்ந்த திரவத்தை ஊசியால் செலுத்தி, வயிற்றைத் தைத்து மூடினார். மறுநாள் திறந்தபோது கட்டிய பகுதி நீரால் புடைத்து நின்றது. கிருமி செலுத்தாமல் கட்டிவைத்த பகுதி காலியாகச் சுருங்கியே இருந்தது. காலரா நோயாளியின் உடலிலிருந்து அரிசி களைந்த நீர்போல் கொட்டுவது என்னவோ, அதுவே இங்கே கண்முன் தேங்கி நின்றது. 1953இல் வந்த கட்டுரை இதைச் சொன்னது. தேவைப்பட்டவை முயல், நூல், ஊசி, கூர்மையான கேள்வி. எளிய ஆய்வகத்தில் செய்யக்கூடிய இந்தச் சோதனையைப் பின்னாளில் உலகெங்கும் ஆய்வாளர்கள் பின்பற்றினார்கள்.

அடுத்த படியை அவர் தாண்டியது 1959இல். இம்முறை கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, ஓர் உயிர்க் கிருமிகூட இல்லாமல் நீக்கிவிட்டு, வெறும் திரவத்தை மட்டும் குடல் கண்ணிக்குள் செலுத்தினார். அப்போதும் குடல் நீரால் நிரம்பியது. கிருமி சாகத் தேவையில்லை. உயிரோடு இருக்கும்போதே வெளியே நஞ்சைச் சுரக்கிறது, அது குடலின் உட்சுவரில் வேலை செய்கிறது என்பது நிறுவப்பட்டது. ‘நேச்சர்’ இதழில் அவர் பெயரில் மட்டும், இரண்டே பக்கங்களுக்குள் அது வெளிவந்தது.

பிறகு?

உள்நாட்டில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. டே தொடர்ந்து அந்த நஞ்சைப் பிரித்தெடுக்க முயன்றார். அதற்கு வேண்டிய கருவிகளும் வசதிகளும் கல்கத்தாவில் அவருக்குக் கிடைக்கவில்லை. 1969இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபிங்கல்ஸ்டைன் குழுவினர் நஞ்சைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார்கள். டே 1973இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்றார். மரபியலுக்காக நோபல் பரிசு வென்ற ஜோஷுவா லெடர்பெர்க் இவரை நோபல் பரிசுக்கு முன்மொழிந்தார். 1978இல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு ஸ்டாக்ஹோமிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே பேசிய டே, அறுபதுகளின் தொடக்கத்திலேயே தாம் இறந்துவிட்டதாகவும், இந்தக் கருத்தரங்கு தம்மைத் தோண்டியெடுத்து மீண்டும் உயிர்ப்பித்திருப்பதாகவும் சொன்னார். அறுபதைத் தாண்டிய ஓர் அறிஞர் அயல்நாட்டு மேடையில் நின்று அப்படிச் சொல்ல நேர்ந்தது இந்திய அறிவியலுக்குப் பெருமையல்ல. இந்தியாவின் எந்த அறிவியல் கழகமும் கடைசிவரை அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. பெரிய விருது எதுவும் தரப்படவில்லை. 1985இல் அவர் காலமானார்.

மறு ஆண்டு, 1986இல், ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் அதே யூஜின் கார்ஃபீல்டு. காலரா ஆய்வு வளர்ந்த பாதையை மேற்கோள்களின் வழியாக வரைபடமாக்கி, அதில் கல்கத்தாவின் சம்புநாத் டேயின் இடம் எது என்று அவர் காட்டினார். தொடக்கத்தில் யாரும் பொருட்படுத்தாத 1959ஆம் ஆண்டுக் கட்டுரை காலரா வரலாற்றின் மைல்கல்லாகிவிட்டதை மேற்கோள் கணக்கு பதிவுசெய்திருந்தது. 1990இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழ் டேக்காகச் சிறப்புப் பகுதி வெளியிட்டது. கழகங்களும் குழுக்களும் காணத் தவறிய ஒருவரைக் கார்ஃபீல்டின் கருவி கண்டுபிடித்தது. மேற்கோளை எண்ணுவதே வீண் என்று சொல்பவர்கள் இதை மறக்கக்கூடாது. பதவியும் செல்வாக்கும் இல்லாத ஒருவருக்குச் சில நேரங்களில் அந்த எண் மட்டுமே துணை.

ஆனால் இதே டே இன்று ஒரு பதவி உயர்வுக் குழுவின் முன் அமர்ந்தால் என்ன ஆகும்? வாழ்நாள் முழுவதும் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் ஏறத்தாழ முப்பது. எச் இண்டெக்ஸ் ஒருபோதும் கட்டுரைகளின் எண்ணிக்கையைத் தாண்டாது; ஆகவே அவருடைய உச்சவரம்பே முப்பதுதான். பெரிய குழுக்களில் பெயர் சேர்த்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் கட்டுரை வைத்திருக்கும் ஒருவர் அவரைச் சுலபமாக முந்திவிடுவார். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1959க்கும் பரவலான அங்கீகாரத்துக்கும் இடையே சில பத்தாண்டுகள் ஓடின. இதழ்களின் சராசரி பார்ப்பதோ இரண்டு ஆண்டுக் கணக்கு. டேயின் கட்டுரை அந்தச் சன்னலுக்குள் தென்பட்டிருக்காது.

எண்ணுக்குள் அடங்காத வேறுவகை உழைப்புக்குச் சென்னையே சாட்சி. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, 1956இல் காசநோய் வேதிச்சிகிச்சை மையமாகத் தொடங்கப்பட்டது. அப்போதெல்லாம் காசநோய் என்றால் சானட்டோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. ஏழைக்கு எது சாத்தியம்? மையம் 193 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் சானட்டோரியத்தில். மறு பிரிவினர் தங்கள் நெரிசலான வீடுகளிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டபடி. மருந்து இரு பிரிவினருக்கும் ஒன்றே. ஓராண்டு முடிவில் வீட்டில் இருந்தவர்கள் குணமானது சானட்டோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய நிகராகவே இருந்தது. வீட்டிலிருந்த குடும்பத்தாருக்கு நோய் தொற்றும் ஆபத்தும் அதனால் கூடவில்லை என்பது தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது. உலகம் முழுவதும் சானட்டோரியங்கள் மூடப்பட இந்த ஆய்வு வழிவகுத்தது. அது வெளியான ஆண்டும் 1959தான்; உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. ஆசிரியர் என்ற இடத்தில் தனிமனிதர் எவர் பெயரும் இல்லை. ‘காசநோய் வேதிச்சிகிச்சை மையம், மதராஸ்’ என்று மட்டுமே இருந்தது. தெருத்தெருவாய் நடந்து மருந்து கொடுத்தவர், சளி மாதிரி சேகரித்தவர், ஆய்வை வடிவமைத்தவர் என எவருடைய தனிக் கணக்கிலும் அது ஏறாது. கோடிக்கணக்கான நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே குணமானார்கள்.

அது போகட்டும், மேற்கோள் பெருகினால் கண்டுபிடிப்பும் பெரிதென்றாவது சொல்ல முடியுமா? ‘நேச்சர்’ இதழ் 2014இல் உலகிலேயே அதிகம் மேற்கோள் பெற்ற நூறு கட்டுரைகளைப் பட்டியலிட்டது. முதலிடம் ஆலிவர் லௌரி 1951இல் எழுதிய கட்டுரைக்கு. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். அதில் இருப்பது ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் ஆய்வகச் செய்முறை. அந்த முறையைக் கையாண்டவர் ஒவ்வொருவரும் அதைச் சுட்டினார்கள். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவத்தை அறிவித்த வாட்சன், கிரிக் கட்டுரை அந்த நூறில் இல்லை. அதன் கணக்கு அப்போது ஐயாயிரத்துச் சொச்சம். எல்லோருக்கும் தெரிந்துபோன உண்மைக்கு யாரும் மேற்கோள் கொடுப்பதில்லை.

பொய்க்கும் மேற்கோள் குவியும். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை 1998இல் ‘லேன்செட்’டில் வந்தது. அதில் ஆராயப்பட்ட குழந்தைகள் பன்னிரண்டே பேர். 2010இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்கு ஆயிரத்துக்கும் மேல் மேற்கோள்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை அதை மறுப்பவை. வழக்கறிஞர்களின் பழைய கையேடு ஏற்றதையும் தள்ளியதையும் பிரித்துக் காட்டியது. அறிவியலின் எண்ணிக்கை இரண்டையும் ஒரே கூடையில் போடுகிறது. இது சின்னக் குறையல்ல. முதலிலேயே சரிசெய்திருக்க வேண்டியது.

எண்ணுக்குச் சம்பளமும் பதவியும் கட்டப்பட்ட பிறகு, எண்ணைப் பெருக்கும் வேலையும் தொழிலாகிவிட்டது. தன் கட்டுரையைத் தானே தேவையில்லாமல் சுட்டுவது பழைய வழி. கூட்டாளிகள் ஒருவரையொருவர் மாற்றி மாற்றிச் சுட்டுவது அடுத்த வழி. கட்டுரையை மதிப்பிட அனுப்பினால், என் கட்டுரைகளையும் சேர்த்துக்கொள் என்று கேட்கும் மதிப்பீட்டாளர்கள் உண்டு. ஆய்வில் ஒரு நாள்கூடக் கலந்துகொள்ளாத துறைத் தலைவரின் பெயர் மரியாதைக்காகச் சேர்க்கப்படுவதும் மருத்துவக் கல்லூரிகளில் புதிதல்ல. இவற்றையெல்லாம் மிஞ்சியது, பணம் வாங்கிக்கொண்டு போலிக் கட்டுரை தயாரித்து ஆசிரியர் இடத்தை விற்கும் ‘பேப்பர் மில்’கள். 2023இல் மட்டும் உலகம் முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை.

இதில் எல்லாப் பழியையும் தனிமனிதர்கள் மேல் போடுவது நியாயமாகாது. இந்தியாவில் மருத்துவக் கல்லூரி ஆசிரியர் பதவி உயர்வு பெற ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்பது விதி. காலையில் ஓ.பி., அப்புறம் வார்டு ரவுண்ட்ஸ், நடுவே வகுப்பு, இரவில் டியூட்டி என்று ஓடும் ஓர் அரசு மருத்துவருக்கு ஆய்வுக்கென்று நேரமும் இல்லை, நிதியும் இல்லை, புள்ளியியல் கற்றுக்கொடுக்க ஆளும் இல்லை. கட்டுரை மட்டும் வேண்டும். அப்படிப்பட்டவரைக் குறிவைத்துத்தான் மின்னஞ்சல்கள் வருகின்றன: பணம் கட்டுங்கள், சில நாட்களில் வெளியிட்டுத் தருகிறோம். நல்ல சிகிச்சையும் நல்ல கற்பித்தலும் பதவி உயர்வுக்குப் போதாது என்று வைத்துவிட்டு, பிறகு போலிக் கட்டுரைகள் பெருகுவதாக வருந்துவதில் பொருளில்லை.

அப்படியானால் ஒரு மருத்துவ ஆய்வாளரின் கணக்கை எப்படிப் படிப்பது? முதலில் பெயர் நிற்கும் இடம். மருத்துவத்தில் பொதுவாக முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வை வழிநடத்தியவருடையது. நடுவில் இருப்பவர் பங்கு சிறிதாகவும் இருக்கலாம், கணிசமாகவும் இருக்கலாம். அடுத்து, கட்டுரையின் வகை. பிறர் ஆய்வுகளைத் தொகுத்து எழுதும் கட்டுரைக்கு மேற்கோள் எளிதில் குவியும். நோயாளிகளைச் சேர்த்துப் பல ஆண்டுகள் நடத்திய சோதனைக்கு அப்படி வராமல் போகலாம். துறையும் முக்கியம். புற்றுநோய் ஆய்வாளர்கள் உலகெங்கும் ஏராளம், ஆகவே மேற்கோளும் ஏராளம். பாம்புக்கடியைப் பற்றி எழுதுபவருக்கு அந்த வாய்ப்பில்லை; பாம்புக்கடியில் சாவோர் பெரும்பாலும் ஏழை விவசாயிகள், அதை ஆராய்பவர்கள் உலகிலேயே குறைவு. இருவரையும் ஒரே எண்ணால் ஒப்பிடுவது அநியாயம். ஒரே ஆய்வாளருக்கு கூகுள் ஸ்காலரில் ஓர் எண்ணும், ஸ்கோப்பஸில் வேறோர் எண்ணும் இருப்பதைப் பார்த்து யாரும் குழம்ப வேண்டாம். அவை எண்ணும் இதழ்களும் ஆவணங்களும் வேறு வேறு.

இதழின் பெயரை வைத்தும் எடைபோட முடியாது. திலீப் மஹலனபிஸ் என்ற மருத்துவர் 1971 வங்கதேச விடுதலைப் போரின்போது போங்கான் அகதி முகாமில் காலரா நோயாளிகளுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுத்துக் காப்பாற்றினார். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. அந்த அனுபவத்தை அவர் 1973இல் வெளியிட்டது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ இதழில். அந்த இதழே இன்று வெளிவருவதில்லை. அந்த நீரைக் கலக்க உதவும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் மட்டும் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கிறது. அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது 2023இல். அதற்குச் சில மாதங்கள் முன்பே அவர் காலமாகிவிட்டார்.

எச் இண்டெக்ஸைத் தந்த ஹிர்ஷே அது எதிர்பாராத தீங்குகளைச் செய்துவிட்டதாக 2020இல் எழுதினார். அதற்கு முன்பே, 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் ஓர் அறிக்கை தயாரித்தார்கள். ‘டோரா’ என்று அழைக்கப்படும் அதன் முதன்மைக் கோரிக்கை, வேலைக்கோ பதவி உயர்வுக்கோ நிதிக்கோ ஒருவரை மதிப்பிடும்போது இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை அளவுகோலாக்காதீர்கள் என்பதே. உலகின் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன.

கையெழுத்து போதாது. தமிழ்நாட்டிலும் இந்தியாவின் பிற இடங்களிலும் தேர்வுக் குழுக்களில் அமரும் பேராசிரியர்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். விண்ணப்பதாரரிடம் முழுப் பட்டியலைக் கேட்காமல், அவர் தம்முடையவற்றில் மிகச் சிறந்தவை என்று கருதும் மூன்று கட்டுரைகளை மட்டும் கேட்டு வாங்குங்கள். அவற்றில் அவர் செய்தது என்ன என்று அவரையே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். நேர்காணலுக்கு முந்தைய நாள் உட்கார்ந்து அந்த மூன்றையும் படித்துவிட்டு வாருங்கள். டேயின் 1959ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படிக்க அரைமணி நேரம்கூட ஆகாது.